புகை இழுக்காத கணப்பு

கொல்தேரா,
பிப்ரவரி 11

அன்புள்ள எலியோ,

நீயும் லொரேத்தாவும் ஜெர்மனியில் சீகன் போய்ச் சேர்ந்த தபால் அட்டை வந்தது. கடையைத் துடைத்துத் திறக்கிற வேலையில் முதுகைப் பிடித்துக்கொள்ளாதே. போன வருஷம் ஐஸ்கிரீம் மிஷினைத் தனியாகத் தூக்கப் போய் ஒரு வாரம் படுத்தாய், ஞாபகம் இருக்கட்டும்.

இங்கே நாங்கள் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. கணப்பு சரியாக எரிய மாட்டேன் என்கிறது. இங்கிருந்து கிளம்புவதற்கு முன் நீதானே திறந்து சுத்தம் செய்தாய்? நீ போன மறுநாளிலிருந்தே மக்கர். தீ நிமிர்ந்து நின்று எரியாமல், மஞ்சளாகச் சோம்பிப்போய் ஆடுகிறது. மாலைக்குள் கண்ணாடி கரியாகிவிடுகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த எரிகுச்சிகள் பாதி வெந்தும் வேகாமலும் கிண்ணத்தில் குவிந்து கிடக்கின்றன. மூட்டை மூட்டையாகத் தின்கிறது, சூடு மட்டும் அறைக்கு வருவதில்லை. சுவரில் உள்ள வெப்ப அளவி பதினாறு டிகிரியைத் தாண்டவில்லை.

எனக்கென்ன, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிவேன். உன் அத்தான் பெர்த்தோவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பத்தொன்பது வருஷம் மலையைக் குடைந்த கல்தூசி அவர் நுரையீரலில் இருக்கிறது. "சூடா, புகை இல்லாம வெச்சுக்கங்க. அது போதும், அவர் இன்னும் பல வருஷம் இருப்பார்" என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

போன் செய்யாமல் எழுதுகிறேனே என்று பார்க்காதே. போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பயப்படுவது அவர் காதில் விழ வேண்டாம். என்ன செய்யலாம் என்று உடனே எழுது. லொரேத்தாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
நீவெஸ்


சீகன்,
பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூன்று பேரும் சுகம், நாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது இந்த ஊர் வீட்டிலும் சோபா முழுக்க வெள்ளை மயிரைக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அத்தான் எப்படி இருக்கிறார்? இருமல் குறைந்திருக்கிறதா? கார்னிவல் பலகாரம் எனக்குப் பதிலாக அவருக்கு இரண்டு கூடுதலாகக் கொடு.

கணப்பைப் பற்றிக் கவலைப்படாதே. பதினைந்து வயசுக் கிழடு அது, கொஞ்சம் முனகத்தான் செய்யும். பெரும்பாலும் சுத்தம் பற்றாததுதான் காரணம். உனக்குப் பொறுமை கிடையாது அக்கா, மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் பற்றவைத்துவிடுவாய். நான் சொல்கிறபடி செய். எரிகிற கிண்ணத்தை வெளியே எடுத்து, அடியில் இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஆணியால் குத்து. கல் மாதிரி கசடு ஒட்டியிருந்தால் உளியால் சுரண்டு. பின்பக்கம் புகைக்குழாயின் அடிமூடியைக் கழற்றிச் சாம்பலை அள்ளு. வெளிச்சுவரில் காற்று உள்ளே வரும் குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார். அப்புறம் செய்தித்தாளில் ஒரு பட்டை கிழித்து, கணப்புக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றிய அடைப்புக் கயிறு செத்துவிட்டது என்று அர்த்தம்.

மொரேனாவைக் கூப்பிட்டுவிடாதே. மெக்கானிக் வந்தால் "இது தேறாது, புதுசு வாங்குங்க" என்பாள். நம் கைக்கு மீறியது ஒன்றும் இல்லை.

பார், சொல்ல மறந்துவிட்டேன். இந்த வருஷம் ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு வில்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஈஸ்டர் வரை வாரா வாரம் பனிச்சறுக்க வருகிறவர்கள் தங்குவார்கள். அவர்களுக்குப் போர்வை மாற்றுகிற வேலையெல்லாம் உனக்கு எதற்கு என்றுதான்.

அத்தானுக்கு அன்பு,
எலியோ


கொல்தேரா,
பிப்ரவரி 27

அன்புள்ள எலியோ,

உன் முதுகு நன்றாக இருக்கிறது என்று நீ எழுதாததால் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கற்பூரத் தைலம் தேய்.

பொறுமை இல்லாதவள் நேற்று முழுக்கக் கணப்புக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடந்தாள், தெரிந்துகொள். ஓட்டைகளைக் குத்தினேன், கசடைச் சுரண்டினேன். அடிமூடியிலிருந்து அரைவாளிச் சாம்பல் வந்தது. வெளிக்குழாயில் பனி இல்லை. காகிதப் பட்டை கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. "பிடிச்சுட்டோம்!" என்று கத்தியே விட்டேன். கீழே லொங்காரோனே ஊர்க் கடையிலிருந்து புதுக்கயிறு வாங்கிவந்து, பழசைப் பிய்த்து, பசை தடவி ஒட்டினேன். பெர்த்தோ கைதட்டினார். "இனிமே சுரங்கத்துக்கு உன்னையே அனுப்பலாம்" என்றார்.

பற்றவைத்தால் அதே மஞ்சள் தீ, அதே கரி. அழுகை வந்துவிட்டது எனக்கு. இப்போது பற்றவைக்கும்போது புகை அறைக்குள்ளேயே கொஞ்சம் கசிகிறது. அவர் இருமுகிறார்.

எனக்கு ஒன்று சொல். ஜனவரிக் கடைசியில் நீ திறந்தபோது உள்ளே எதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா? இங்கே உன் வீட்டுக் கணப்பும் இதுவும் ஒரே நாளில், ஒரே வண்டியில் ஏற்றி வந்தவை. உன்னுடையது எப்படி எரிகிறது?

சாவி விஷயம். இருபத்திரண்டு வருஷமாக நான் வைத்திருந்த சாவி. நல்லதுக்குத்தான் செய்திருப்பாய்.

உன் அக்கா,
நீவெஸ்


சீகன்,
மார்ச் 6

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். முதுகும் நலம், தைலம் வேண்டாம். கடை திறந்துவிட்டோம். ஜெர்மன்காரர்கள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று ஐஸ்கிரீம் தின்கிறார்கள், பாவம்.

யோசித்துப் பார்த்தேன். கயிறு, கிண்ணம், குழாய் எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது குச்சிதான். அம்பேலியோவிடம்தானே வாங்குகிறாய்? சில வருஷம் முன் நம் காட்டைச் சாய்த்த புயலில் விழுந்த மரத்தையெல்லாம் அரைத்துத்தான் அவன் விற்கிறான். மாதக்கணக்கில் மழையில் ஊறிய மரம் எப்படி எரியும்? நம் பள்ளத்தாக்கு முழுக்க இதே புலம்பல்தான். அவனை ஒரு பிடி பிடி, வேறு மூட்டை வாங்கு.

இன்னொன்று, தப்பாக நினைக்காதே. நீ கடைக்குப் போயிருக்கும்போது அத்தான் கதவைத் திறந்து நெருப்பைக் கிளறுகிறாரோ? சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்குக் கை துறுதுறுக்கும். எரியும்போது கதவைத் திறந்தால் இழுப்பு கெட்டு, புகை அறைக்குத்தான் வரும். மெதுவாகக் கேட்டுப் பார்.

ஒரே ஓட்டம் இங்கே. மற்றது பின்னால்.

எலியோ


கொல்தேரா,
மார்ச் 15

அன்புள்ள எலியோ,

குல்லாய் போட்ட ஜெர்மன்காரர்களைப் பற்றிப் படித்துக் காட்டினேன், பெர்த்தோ சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது, அதனால் இனிமேல் வேடிக்கையாக எழுதாதே.

அம்பேலியோவை ஒரு பிடி பிடித்தேன். அவன் கொட்டகையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதையும் பார்க்கவில்லை நான்.

"புயல்ல விழுந்த ஈர மரத்தை அரைச்சு எங்க தலையில கட்டறியா? வீட்டுல நோயாளி இருக்கார்னு தெரியுமில்ல உனக்கு?"

"நீவெஸ், அது எங்கப்பா வெச்ச மரம். விழுந்ததைத் தூக்கி, கூரை போட்டுக் காய வெச்சு, அப்புறம்தான் அரைக்கக் குடுத்தேன். என் வீட்டுலயும் அதான் எரியுது. வந்து பாரு."

"உன் வீட்டை யாரு பாக்க வந்தா!"

இப்படியே சொல்லிவிட்டு வந்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது. லொங்காரோனே போய் ஆஸ்திரிய மூட்டைகள் ஆறு வாங்கிவந்தேன். மூன்று நாள் எரித்தாயிற்று. அதே கரி, அதே பதினாறு.

பெர்த்தோவிடமும் கேட்டேன். மெதுவாகக் கேட்கச் சொன்னாய், எனக்கு மெதுவாக எங்கே கேட்க வருகிறது? "நான் இல்லாதப்ப கதவைத் திறந்து நோண்டறீங்களா? சின்னப்பிள்ளையா நீங்க? நான் இங்க முழங்கால் தேய சாகறேன்!" என்று கத்தினேன். "இனிமே தொடமாட்டேன்" என்றார். அப்படியானால் தொட்டிருக்கிறார் என்றுதானே ஆகிறது? அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீ பதில் எழுதவில்லை. உள்ளே என்ன பார்த்தாய், உன் கணப்பு எப்படி எரிகிறது.

உன் அக்கா,
நீவெஸ்


கொல்தேரா,
மார்ச் 29

எலியோ,

சுகமா? பதினான்கு நாளாகத் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். மின்சாரக் கட்டணச் சீட்டு ஒன்றுதான் வந்தது.

மறுபடி பனி கொட்டுகிறது. பெர்த்தோவுக்கு உதடு நீலமாகிறது. டாக்டர் வந்து அறைக் காற்றை முகர்ந்து பார்த்தார். "இந்தக் காத்துல இவரை வெச்சிருக்கீங்களே அம்மா" என்றார். எனக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. இப்போது சமையலறையில் விறகடுப்புப் பக்கம் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். அங்கே கால் நீட்ட இடம் இல்லை, கதவைத் திறந்தால் காற்று அறைகிறது. "நல்லாத்தான் இருக்கு, பொலெந்தாக் கூழ் வாசனையில தூங்கலாம்" என்கிறார்.

நீ என்ன சொன்னாலும் சரி, நான் மொரேனாவை வரச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமைதான் அவளுக்கு ஒழிகிறதாம்.

நீவெஸ் அக்கா


சீகன்,
ஏப்ரல் 2

அக்கா,

மன்னித்துக்கொள், தலைக்கு மேல் வேலை. அத்தானைப் பற்றிப் படித்ததும் கை ஓடவில்லை. டாக்டர்கள் எப்போதும் மிகைப்படுத்துவார்கள்.

மொரேனா வேண்டாம். வரச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. கிழட்டுக் கணப்பைத் தெரியாத கை திறந்தால் இருக்கிறதும் போய்விடும். ஈஸ்டருக்கு முன்னால் இரண்டு நாள் கடையை லொரேத்தாவிடம் விட்டுவிட்டு நானே வந்து பார்க்கிறேன். அதுவரை அத்தானைச் சமையலறையிலேயே வைத்துக்கொள். அல்லது லொங்காரோனேயில் ரேடியேட்டர் வைத்த வீடு எதாவது வாடகைக்குப் பார்க்கலாமே? எத்தனை நாள்தான் அந்த மலையில் கிடப்பீர்கள்?

நான் வரும்வரை ஒன்றும் செய்யாதே.

எலியோ


கொல்தேரா,
ஏப்ரல் 8

எலியோ,

வெள்ளிக்கிழமை காலை பெர்த்தோவை ஆம்புலன்ஸில் பெல்லூனோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மொரேனா வந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், இருந்தாலும் திறந்து பார்க்கச் சொன்னேன். பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தாள். புகையை இழுத்து வெளியே தள்ளுகிற மோட்டார் இருக்கிறதே, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நாய் வளர்க்கறீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"மோட்டார் பூரா வெள்ளை நாய்மயிர் சுத்தியிருக்கு. அது ஓடவே இல்லை, நகருது. அதான் இழுப்பு இல்லை, தீ சோம்பிப் போயிருக்கு. இதை வெச்சுக்கிட்டு நீங்க கயிறு மாத்தி, குச்சி மாத்தி என்ன பிரயோஜனம்? அதோட இது நான் போட்ட மோட்டாரும் இல்லை. நாலு வருஷம் முன்னாடி போட்டப்ப மார்க்கர்ல தேதி எழுதினேன், நீங்க விளக்குப் பிடிச்சீங்க. இதுல தேதியே காணோம்."

எனக்கு உடனே புரியவில்லை என்று நினைக்காதே. புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு, மூன்று வீடு தள்ளி உன் வீட்டுக்குப் போனேன். பொலோஞாவிலிருந்து வந்த தம்பதி தங்கியிருக்கிறார்கள். அந்த ஆள் அரைக்கை பனியன் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். "உள்ள ஒரே வேக்காடுங்க" என்று ஜன்னலை வேறு திறந்து வைத்திருந்தான். கணப்பில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. தீ நிமிர்ந்து, வெள்ளையாக, சீறிக்கொண்டு எரிந்தது. பெர்த்தோவுக்கு ஜனவரி வரை எரிந்த தீ அது.

மொரேனா அதை அணைத்து, ஆறவிட்டு, திறந்து காட்டினாள். அவள் கையெழுத்தில் தேதி இருந்தது.

அங்கேயே கழற்றி எடுத்து வந்து எங்களுடையதில் பொருத்திவிட்டாள். இப்போது வீடு வெதுவெதுவென்று இருக்கிறது. அதில் உட்காரத்தான் ஆள் இல்லை.

எனக்கு நீண்ட கடிதம் வேண்டாம். நீ செய்தாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

நீவெஸ்


சீகன்,
ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

அத்தான் எப்படி இருக்கிறார்? ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போன் செய்தேன், உறவுக்காரர் என்றாலும் போனில் சொல்ல மாட்டார்களாம்.

செய்தேன்.

என் மோட்டார் ஜனவரிக் கடைசியில் படுத்துவிட்டது. இந்த மாடலுக்கு இப்போது பாகமே வருவதில்லை, மூன்று ஊரில் விசாரித்தேன். அந்தச் சனிக்கிழமையே ஆட்கள் வந்து இறங்குவதாக இருந்தார்கள். ஈஸ்டர் வரை எல்லா வாரமும் வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று. உன் அறை சின்னது, என் மோட்டாரைக் கொஞ்சம் தட்டிவிட்டால் மெதுவாக ஓடி வசந்தத்தைப் பிடித்துவிடும், அக்டோபரில் கடையை மூடிவிட்டு வந்ததும் இரண்டு வீட்டுக்கும் புதுக் கணப்பே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை. அப்புறம் உன் கடிதங்கள் வர வர, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கயிறு, குச்சி என்று வாயில் வந்ததை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இது யாருக்கும் தெரியாது அக்கா, லொரேத்தாவுக்குக்கூட. நான் மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நீ திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நம் இருவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி,
எலியோ


லொங்காரோனே,
மே 3

எலியோ,

கடிதத்தின் தலைப்பில் ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். நாங்கள் கீழே வந்துவிட்டோம். ரேடியேட்டர் வைத்த வீடுதான், நீ சொன்ன மாதிரியே.

பெர்த்தோ உயிரோடு இருக்கிறார். இனி நாள் முழுக்க, தூங்கும்போதும், ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருக்கிற வீட்டில் நெருப்பு கூடாது. கணப்பும் கூடாது, சமையலறை விறகடுப்பும் கூடாது. பெல்லூனோ டாக்டர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மோட்டார் திரும்பி வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, கணப்பை அணைத்து வீட்டைப் பூட்டினோம். சாமான்களை ஏற்றிக் கொண்டுவந்தது அம்பேலியோ. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் "அந்த மெத்தையோட நுனியைப் பிடி, நீவெஸ்" என்றான். அதற்குமேல் பேச விடவில்லை.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை. 'இது யாருக்கும் தெரியாது' என்கிற இடம் வந்ததும் அவர் சிரித்துவிட்டார். இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ வியாழக்கிழமை சந்தைக்குக் கீழ போயிருந்த. அவன் ஒரு மோட்டாரைக் கோணியில சுத்திக்கிட்டு வந்தான். நான் நாற்காலியிலதானே உக்காந்திருந்தேன்? நம்ம மோட்டாரைக் கழட்டினான், அவனோடதை மாட்டினான். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க அத்தான், ஈஸ்டர் வரைக்கும்தான்'னு அழுதான்."

"அதுக்கு? வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? நான் அந்த மனுஷன் அம்பேலியோவைத் திட்டினேன், உங்களைத் திட்டினேன், முழங்கால் புண்ணாகக் கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"உனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். எனக்கு ரெண்டு மாசம் மூச்சு கொஞ்சம் கஷ்டப்படும், அவ்வளவுதானேன்னு இருந்துட்டேன்."

நீ செய்த திருட்டைக்கூட நான் ஒருநாள் மறப்பேனோ என்னமோ. ஆட்கள் வந்து இறங்கப் போகிறார்கள், பதறிப்போய்ச் செய்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கலாம். ஆனால் உனக்காக வாயைத் திறக்காமல், அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பற்றி, 'அத்தான் கதவைத் திறந்து கிளறுகிறாரோ' என்று எழுதினாயே! அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதானே எழுதினாய்? அதைப் படித்துவிட்டு நான் அவரிடம் கத்தினேன். அவர் 'இனிமே தொடமாட்டேன்' என்று சொன்னார், செய்யாத குற்றத்துக்கு. ஒருநாள் முழுக்க நான் அவரோடு பேசாமல் இருந்தேன். அவருக்கு மிச்சம் இருக்கிற நாட்களில் ஒன்று அது, எலியோ. அதை நீ எனக்கு எங்கிருந்து எடுத்துத் தருவாய்?

உன் மோட்டார் எங்கள் வீட்டு வாசலில் கோணியில் கிடக்கிறது. நல்லதும் கணப்புக்குள்ளேயே இருக்கிறது, கழற்றிக்கொள். எங்களுக்கு இனி உதவாது.

உன் சுகத்தை விசாரித்து எழுதச் சொல்கிறார். விசாரித்ததாக வைத்துக்கொள். அவருக்கு உன்மேல் கோபமே இல்லை, அக்டோபரில் நீ வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார். நான் தடுக்க மாட்டேன். வியாழக்கிழமையாகப் பார்த்து வா. இங்கேயும் வியாழன்தான் சந்தை, காலையில் போனால் மதியம்தான் திரும்புவேன். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வர உனக்குத் தெரியும்.

நீவெஸ்